நோயுற்ற குழந்தையின் விளையாட்டு

கோலார் தங்கவயலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் ஆழத்தைப் பற்றியே பேசுவார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக இறங்கியது என்பார்கள். அடித்தளத்துப் பாறையின் வெம்மையைச் சொல்வார்கள். அண்மையில் வந்த திரைப்படங்களைக் கண்டவர்கள் இன்னும் என்னென்னவோ சொல்வார்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருளுக்கு அத்துணை ஆழமில்லை. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் ஒரு கட்டில். அக்கட்டிலில் நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் கிடக்க நேர்ந்த ஒரு குழந்தை. அதன் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்னும் கேள்வி. அவ்வளவே.

இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து கிடைத்ததன்று. 1980-களின் நடுவில், எனக்கு எட்டு வயது நடக்கையில், லைன் வீட்டுக் கூரைமேல் சிக்கிய காற்றாடியை எடுக்கப்போய் விழுந்து வலக்காலை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டுப் போட்டு, ஊர் மருத்துவமனை ஒன்றில் ஐந்து வாரம் கிடத்தினார்கள். சுரங்கத்துச் சங்கு ஊதும்போதெல்லாம் இன்ன நேரமென்று தெரியும். மற்றபடி பகலும் இரவும் ஒன்றேதான். அம்மா தூக்குப் பாத்திரத்தில் ரசஞ்சோறு கொண்டுவருவாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு தெலுங்குப் பையன். அவன் பேச்சு எனக்குப் பாதி விளங்கும், என் பேச்சு அவனுக்குப் பாதி விளங்கும்.

ஒருநாள் அங்கிருந்த கம்பவுண்டர், புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தில் பஞ்சு சுற்றிய குச்சியைத் தோய்த்து, என் மாவுக்கட்டின்மேல் சுரங்க வாயிலில் நிற்கும் இரும்புக் கோபுரத்தை வரைந்தார். உச்சியிலே சக்கரம், சக்கரத்திலிருந்து கம்பி வடம், வடத்தின் முனையில் ஆட்களை இறக்கும் கூண்டு. கூண்டுக்குள் என் தகப்பனாரையும் நிறுத்தி வைத்தார். மறுநாள் குச்சியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கட்டை வெட்டி எடுத்த நாளில் அதில் ஓர் அங்குல இடமும் எஞ்சியிருக்கவில்லை. பாதிப் படங்கள் தெலுங்குப் பையன் வரைந்தவை. கம்பவுண்டருடைய பெயர் எனக்கு நினைவில்லை. கறை படிந்த அவருடைய விரல்கள் நினைவில் நிற்கின்றன.

அவர் செய்த காரியத்துக்கு உலகின் வேறு பகுதிகளில் பெயரும் பயிற்சியும் தனி அறையும், ஒரு நாட்டிலே சட்டமும் உண்டு என்பதைப் பல்லாண்டுகள் கழித்துப் படித்தறிந்தேன். அந்த வரலாற்றைத்தான் சொல்ல வந்தேன். அதற்குமுன், தில்லியிலும் மும்பையிலும் பிறந்து வளர்ந்த இளைய நேயர்களுக்காக எங்கள் ஊரைப் பற்றி நாலு வார்த்தை.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் மைசூர் நாட்டின் கிழக்கு விளிம்பிலிருந்த இந்தப் பொட்டலில் சுரங்க வேலையை ஏற்றுக்கொண்டார்கள். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ச் சீமைகளிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தனர். நிலமற்றவர்களும், நிலம் இருந்த இடத்தில் மதிப்பற்றவர்களாக வைக்கப்பட்டவர்களுமே அவர்களில் மிகுதி. 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு இரயில் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. மரப்பலகையும் தகரமும் தட்டியுமாக வரிசை வரிசையாக லைன் வீடுகள் எழுந்தன. அவ்வீடுகளில் பிறந்த குழந்தைகளுக்குத் தமிழ் தாய்மொழி. தெலுங்கு அயல்வீட்டு மொழி. கன்னடம் பள்ளிக்கூடத்து மொழி. ஆங்கிலம் துரைமார் மொழி. நான்கையும் கலந்து பேசுவதே எங்கள் ஊர்ப் பேச்சு. இலக்கண ஆசிரியர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

சுரங்கம் உள்ள ஊரில் மருத்துவமனை என்பது முதன்மையாக உழைப்பாளியின் உடம்புக்காக ஏற்பட்டது. பாறை வெடித்துக் காயம்பட்டவன், வடம் அறுந்து விழுந்தவன், சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து மூச்சுத் திணறுகிறவன் ஆகிய இவர்களே அதன் முதல் நோயாளிகள். குழந்தையோ 'தொழிலாளியின் குடும்பம்' என்னும் தலைப்பின்கீழ் வருவது. அதற்குக் காய்ச்சலுக்கு மருந்து உண்டு, முறிவுக்குக் கட்டு உண்டு. காய்ச்சல் இறங்கியபின் கட்டிலில் விழித்துக்கொண்டு கிடக்கும் நீண்ட பகலுக்கு என்ன உண்டு? இந்தக் குறை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிட வேண்டாம். உலகத்து மருத்துவமனைகள் எல்லாமே இக்கேள்வியில் நெடுங்காலம் தடுமாறியிருக்கின்றன.

1852-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் லண்டன் மாநகரின் கிரேட் ஆர்மண்டு தெருவில், சார்லஸ் வெஸ்ட் என்னும் மருத்துவரின் முயற்சியால், குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. தொடக்கத்தில் பத்தே படுக்கைகள். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அதற்குப் பெருந்துணையாய் நின்றார். 1858-இல் அதற்காக நிதி திரட்டி உரையாற்றினார். 1864, 1865 ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய நாவல் ஒன்றில் குழந்தைகள் மருத்துவமனைக் காட்சி ஒன்று வருகிறது. ஒவ்வொரு கட்டிலின்மேலும் ஒரு சிறு பலகை; பலகையின்மேல் பொம்மைகள். ஜானி என்னும் ஏழைச் சிறுவன் அங்கே கொண்டுவரப்படுகிறான். அவன் பலகையின்மேல் குதிரையும் பறவையும் நோவாவின் பேழையும் வைக்கப்படுகின்றன. அன்றிரவே அவன் இறந்துபோகிறான். இறக்குமுன் தன் பொம்மைகளையெல்லாம் பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடச் சொல்கிறான்.

இக்காட்சி மிகையுணர்ச்சியானது என்று திறனாய்வாளர் சிலர் குறை கூறுவர். இருக்கட்டும். அந்தப் பலகை எனக்கு முக்கியம். குழந்தைக்கு மருந்துப் புட்டி வைக்க ஓர் இடம் வேண்டுமென்றால் பொம்மை வைக்கவும் ஓர் இடம் வேண்டும் என்று எவரோ எண்ணித் தச்சனிடம் சொல்லிச் செய்திருக்கிறார்கள் அன்றோ?

ஆனால் பொம்மையை உள்ளே விட்ட அந்நாட்டு மருத்துவமனைகள் தாயை வெளியே நிறுத்தின. தொற்று வரும், குழந்தை அழும், ஒழுங்கு கெடும் என்பன அவர்கள் கூறிய காரணங்கள். பார்வை நேரம் வாரத்துக்கு ஒருமுறை, இருமுறை. லண்டனின் புகழ்வாய்ந்த மருத்துவமனை ஒன்றில், முதல் மாதம் முழுவதும் பெற்றோர் குழந்தையைப் பார்க்கக்கூடாது; மாலையில் அது உறங்கும்போது மட்டும் எட்டிப் பார்க்கலாம் என்று விதி இருந்ததை 1949-இல் எடுத்த கணக்கெடுப்பொன்று காட்டிற்று. தாயைக் கண்டு அழாத குழந்தையைச் 'சரியாகிவிட்ட குழந்தை' என்று செவிலியர் எழுதி வைத்தனர்.

இதை மாற்றியது ஒரு திரைப்படம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஸ்காட்லாந்தில் உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தவர்; போர்க்காலத்தில் அன்னா ஃபிராய்டு நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலன் பார்க்கும் வேலையிலிருந்து தொடங்கியவர். குழந்தைகள் வார்டுகளில் தாம் கண்டதைச் சொன்னபோது மருத்துவர் எவரும் நம்பவில்லை. படக்கருவியை முன்பின் தொட்டறியாத அவர் சிறு கருவியொன்றை வாங்கினார். இரண்டு வயதும் ஐந்து மாதமும் ஆன லாரா என்னும் சிறுமி, சிறிய அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததை நாள்தோறும் குறித்த நேரத்தில் படமெடுத்தார். தமக்கு வேண்டிய காட்சிகளைப் பொறுக்கி எடுத்தார் என்று எவரும் சொல்லிவிடக்கூடாதென்பதற்காகச் சுவர்க் கடிகாரமும் படத்தில் தெரியும்படி செய்தாராம். 1952-இல் இப்படத்தை மருத்துவர் அவையில் காட்டியபோது பலர் சினந்தனர். லாரா ஓயாமல் அழும் குழந்தையன்று. அழுகையை விழுங்கிக்கொள்ளும் குழந்தை. அதுதான் பார்த்தவர்களைச் சுட்டது. ஏழாண்டு கழித்து, 1959-இல், சர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு குழந்தைகளுடன் தாய் தங்கலாம், வார்டில் விளையாட்டும் கல்வியும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் நாட்டு நிலைமை இதற்கு நேர்மாறு. நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாயை யாரும் வெளியே தள்ளியதில்லை. தள்ளினாலும் அவள் போகமாட்டாள். கட்டிலுக்கு அடியிலே பாய் விரித்துப் படுப்பாள். பாட்டி தாழ்வாரத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். தந்தை வேலை முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். லாரா பட்ட துன்பத்தை நம் குழந்தை பெரும்பாலும் பட்டதில்லை. நமக்கு இல்லாதது அந்தப் பலகை. தாய் இருக்கிறாளே, வேறென்ன வேண்டும் என்று நினைத்துவிட்டோம் போலும்.

நிற்க. நோயுற்ற குழந்தைக்குக் கலை எதற்கு என்னும் கேள்விக்கு மிக ஆழமான விடைகளில் ஒன்றைத் தந்தவர் நம் நாட்டவரே. இரவீந்திரநாத் தாகூர் எழுதி 1912-இல் வெளிவந்த 'டாக் கர்', அதாவது அஞ்சல் நிலையம், என்னும் நாடகத்தில் அமல் என்னும் சிறுவன் வருகிறான். கூதிர்காலக் காற்றும் வெயிலும் படக்கூடாது என்று வைத்தியர் அவனை அறைக்குள் அடைத்துவிடுகிறார். அவனுக்கு எஞ்சியது ஒரு சன்னல். தெருவில் போகும் தயிர்க்காரனைக் கூப்பிட்டு அவனுடைய ஊரைப் பற்றிக் கேட்கிறான். கேட்டு, தான் கண்டிராத அந்த ஊரைத் தானே படைத்துவிடுகிறான். காவற்காரனிடம் மணி அடிப்பதைப் பற்றிக் கேட்கிறான். பூப்பறிக்கும் சுதாவிடம் பேசுகிறான். தெருப் பிள்ளைகளிடம் தன் பொம்மைகளையெல்லாம் கொடுத்து, இந்தச் சன்னலுக்கு எதிரே நின்று விளையாடுங்கள் என்று வேண்டுகிறான். டிக்கன்ஸின் ஜானியும் பொம்மையைக் கொடுத்துவிடுகிறான், தாகூரின் அமலும் கொடுத்துவிடுகிறான் என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். எல்லாரிடமிருந்தும் பெற்றுக்கொண்டே இருப்பது நோயாளியின் நிலை. கொடுப்பதற்கு ஒரு பொருள் கையில் இருக்கும் வரையில் குழந்தை வெறும் நோயாளியாக ஆகிவிடுவதில்லை.

இந்நாடகத்தை 1942-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள் வார்சா நகரத்தின் யூதச் சேரியில், தம்முடைய அநாதை இல்லத்துக் குழந்தைகளைக் கொண்டு நடிக்கச் செய்தார் யானுஸ் கோர்ச்சாக். அவரும் குழந்தை மருத்துவர். மூன்று வாரத்துக்குள் அவரும் அக்குழந்தைகளும் கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நாவெழவில்லை.

அதே 1942-இல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஹில் என்னும் ஓவியர், தாம் காசநோய் விடுதியில் கிடந்தபோது வரைந்து தேறிய அனுபவத்திலிருந்து, 'கலைவழி மருத்துவம்' என்னும் கருத்துக்கு ஆங்கிலத்தில் பெயரிட்டார். அவர் நோக்கியது வயதுவந்தோரை. குழந்தைகளுக்கென இதை ஒழுங்குபடுத்தியவர்களுள் இருவரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் எம்மா பிளாங்க் என்னும் அம்மையார் 1950-களின் நடுவிலிருந்து பணியாற்றி, 1962-இல் அதுபற்றி ஒரு நூலும் எழுதினார். சுவீடன் நாட்டின் ஊமியோ நகரில் இவோனி லிண்ட்குவிஸ்ட் அம்மையார் 1956-இல் மருத்துவமனைக்குள் விளையாட்டு மருத்துவத்தைத் தொடங்கினார். 1977-இல் அந்நாடு, குழந்தைகளை வைத்துப் பார்க்கும் மருத்துவமனைகளில் இஃது இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமே இயற்றிவிட்டது. இம்முறையின் சாரம் எளிது. நாளை தனக்கு ஊசி போடப்போகிறார்கள் என்றால் இன்று குழந்தை தன் பொம்மைக்கு ஊசி போடட்டும். பொம்மை அழட்டும், குழந்தை அதைத் தேற்றட்டும். மரப்பாச்சிக்குக் காய்ச்சல் வந்து பத்தியக் கஞ்சி ஊட்டிய நம் வீட்டுச் சிறுமியர்க்கு இதைக் கற்பிக்கவே வேண்டியதில்லை. மரப்பாச்சியை வார்டுக்குள் விட்டால் போதும்.

எங்கள் ஊரிலிருந்து பெரிய நோய்க்கு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குத்தான் போவது வழக்கம். அங்கே 1950-களின் தொடக்கத்தில், கொல்லிமலையில் பிறந்தவரும் தச்சுவேலை கற்றவருமான அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோய்க்கு ஆளான இளைஞர்களுக்காகப் புதுவாழ்வு நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார். மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தியபின், அவ்விரல்களுக்குப் பழக்கம் வருவதற்காக மர பொம்மைகள் செய்யப் பழக்கினார். உணர்ச்சியற்ற கைகளுக்கு உளி காயம் உண்டாக்காதபடி கருவிகளின் பிடியையும் மாற்றியமைத்தார். அங்கே நோயாளி பொம்மையைப் பெறுகிறவனல்லன், செய்கிறவன்.

இனி, வானொலியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த இடத்தில் பேசுவதற்கே எனக்கு உரிமையில்லை. 1925-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் யார்க் நகர மருத்துவமனையில் இருநூறு படுக்கைகளுக்குக் காதில் மாட்டும் கருவிகள் பொருத்தி, விளையாட்டு வருணனையும் வழிபாடும் ஒலிபரப்பினார்கள். மருத்துவமனை வானொலி தொடங்கியது இப்படி. நம் பக்கத்தில், 1935-இல் மைசூரில் 'ஆகாசவாணி' என்ற பெயரில் ஒலிபரப்பைத் தொடங்கிய கோபாலசுவாமி என்னும் பேராசிரியர் உளவியல் துறையைச் சேர்ந்தவர் என்பது இன்றைய பேச்சுக்குப் பொருத்தமான செய்தி. 1938-இல் சென்னை நிலையமும் 1955-இல் பெங்களூர் நிலையமும் வந்தன. 'வானொலி அண்ணா' என்று அழைக்கப்பட்ட கூத்தபிரான் நடத்திய பாப்பா மலரைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று பாட்டன் பாட்டிமார். 1947-இல் தோன்றிய அம்புலிமாமா இதழும் நோய்ப்படுக்கைகள் பலவற்றில் தலையணைக்கு அடியில் இருந்தது. என் தலையணைக்கு அடியிலும் இருந்தது. அட்டை கிழிந்த பழைய இதழ்.

ஆனாலும் வானொலியில் ஒரு குறை. அது பேசும்; நாம் கேட்க வேண்டும். ஏற்கெனவே எல்லாரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இன்னுமொரு குரல். 1979-இல் இங்கிலாந்தின் கார்ஷால்டன் ஊரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் 'ரேடியோ லாலிபாப்' என்ற சிறு நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியபோது இக்குறையை நீக்கினார்கள். தொண்டர்கள் மாலையில் வார்டுக்கு வருவார்கள். குழந்தைகள் வேண்டிய பாட்டைக் கேட்கலாம், விடுகதை போடலாம், தாங்களே ஒலிபெருக்கியின் முன் பேசலாம். கட்டிலை விட்டு இறங்க முடியாத பிள்ளையின் குரல் கட்டிடம் முழுவதும் நடந்துவிட்டு வரும்.

கோமாளிகளும் வார்டுக்குள் வந்தார்கள். 1986-இல் நியூயார்க்கில் மைக்கேல் கிறிஸ்டென்சன் என்னும் சர்க்கஸ் கலைஞர் தொடங்கிய வழக்கம் அது. நம் சென்னையிலும் அண்மை ஆண்டுகளில் 'லிட்டில் தியேட்டர்' நாடகக் குழுவினர் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு செல்கிறார்கள். இக்கோமாளிகளின் தொழில் ஒழுங்கில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கட்டிலருகே வருமுன் குழந்தையிடம் உத்தரவு கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் போய்விட வேண்டும். ஊசியை வேண்டாமென்று சொல்லக் குழந்தைக்கு இயலாது. கசப்பு மருந்தையும் வேண்டாமென்று சொல்ல இயலாது. அன்று முழுவதிலும் அது வேண்டாமென்று சொல்லி ஒருவர் கேட்டுக்கொண்டார் என்றால் அவர் அந்தக் கோமாளி ஒருவரே.

மொழிபெயர்ப்பு என் தொழிலாதலால் ஓர் இடைப்பேச்சு. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்றது. அதன் 31-ஆம் பிரிவு குழந்தைக்கு ஓய்வும் விளையாட்டும் கலைவாழ்வும் உரிமை என்கிறது. விளையாட்டு என்னும் நம் சொல்லை இங்கே இடும்போதெல்லாம் எனக்குத் தயக்கம் உண்டு. பந்தயத்துக்கும் அதே சொல். பொம்மைக்குச் சோறூட்டுவதற்கும் அதே சொல். 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று பொருட்படுத்தாமைக்கும் அதே சொல். மருத்துவமனைக்கு 'விளையாட்டுப் பொருள்கள்' வாங்கச் சொன்னால், கால் முறிந்து கிடக்கும் பிள்ளைக்குக் கால்பந்து வந்து சேர்ந்தாலும் வியப்பில்லை.

அவ்வுடன்படிக்கையின் 17-ஆம் பிரிவில் அதிகம் பேசப்படாத ஒரு கூற்று இருக்கிறது. சிறுபான்மையினத்தைச் சேர்ந்த குழந்தையின் மொழித் தேவையைச் செய்திச் சாதனங்கள் கருத்திற் கொள்ளும்படி அரசுகள் ஊக்க வேண்டும் என்பது அது. பிறமொழி நாட்டில் வாழும் நம் போன்றோர் படிக்க வேண்டிய வரி. அலுவலகத்தில் அதைப் படித்தபோது ஏட்டளவில்தான் படித்தேன். பொருள் விளங்கியது பின்னர்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் கொடுத்த ஊரில், மூடியபின் எஞ்சியவை சயனைடு கலந்த மண்மேடுகளும் வேலையற்ற குடும்பங்களுமே. சுரங்க நிறுவனத்தின் பெரிய மருத்துவமனையும் பூட்டிக் கிடந்தது. 2021-இல் பெருந்தொற்று பரவியபோது, தொண்டர்கள் திரண்டு அதன் தூசியையும் செடிகொடியையும் அகற்றி நோயாளிகளுக்காக ஆயத்தம் செய்தார்கள். ஊரார் பல்லாயிரவர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பெருநோய்க்கும் இப்போது அந்த இரயில்தான் வழி.

மூன்றாண்டுகளுக்கு முன் என் தங்கை மகளை, அப்போது அவளுக்கு ஐந்து வயது, பெங்களூரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்க்க வேண்டியிருந்தது. குழந்தைகள் வார்டை ஒட்டி அழகிய விளையாட்டறை இருந்தது. சுவரெங்கும் ஒட்டகச்சிவிங்கி, சென்னபட்டணத்து மர பொம்மைகள், தாளும் மெழுகு வண்ணக் கட்டிகளும், கதைப் படம் காட்டும் பெட்டி. மாலைதோறும் தொண்டுக்கு வரும் கன்னடப் பெண் ஒருத்தி, மிகவும் அன்பானவள். ஆயினும் எங்கள் குழந்தை மூன்று நாளாக வாய் திறக்கவில்லை. வலி எங்கே என்று கேட்டால் தலையைத் திருப்பிக்கொள்வாள். இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை; கன்னடம் காதில் விழுமேயன்றி நாவில் வராது. 'குழந்தை ஒத்துழைப்பதில்லை' என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். தங்கைக்கு அதைப் படித்துச் சொன்னவன் நான்.

அவள் பேசவில்லையே தவிர வரைந்துகொண்டிருந்தாள். ஒரே படம், திரும்பத் திரும்ப. தட்டையான தலையுடைய சாம்பல் நிற மேடு. அதன்மேல் கோடு கோடாக ஏதோ பறக்கிறது. தலையணை வரைகிறாள், உறக்கம் வேண்டுமென்கிறாள் என்று அந்தப் பெண் கருதினாள். படத்துக்கு மொழியில்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அன்று நான் போய்ப் பார்த்ததும் எனக்கு விளங்கிற்று. அது எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள சயனைடு மேடு. காற்றடிக் காலத்தில் அதிலிருந்து புழுதி பறந்து வீட்டுக்குள் வரும்.

"இதென்ன, நம்ம மேடா?" என்று கேட்டேன்.

"ஆமாம் மாமா. தூள் உள்ளே போயிட்டுது" என்றாள். மார்பில் கையை வைத்துக் காட்டினாள்.

மூன்று நாளாக எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அதுதான் விடை. மூச்சு முட்டுகிறது என்று அவள் முதல்நாளே தாளில் எழுதி வைத்துவிட்டாள். படிக்க ஆள் இல்லை. அந்தப் பெண்ணிடம் நான் கன்னடத்தில் எடுத்துச் சொன்னேன். அவள் உடனே மருத்துவரை அழைத்து வந்தாள். இருபதாண்டுகள் மொழிபெயர்ப்பில் கழித்தவன் நான். அரசாணை, சுற்றறிக்கை, ஒப்பந்தம் எவ்வளவோ பெயர்த்திருக்கிறேன். ஒரு படத்தை மொழிபெயர்த்தது அன்றுதான்.

மறுநாள் அந்தப் பெண் ஒரு தாளுடன் என்னிடம் வந்தாள். இந்த வார்டுக்குத் தமிழ்க் குழந்தைகள் அடிக்கடி வருகிறார்கள், கேட்க வேண்டியவற்றைக் கன்னட எழுத்திலே தமிழில் எழுதிக் கொடுங்கள் என்றாள். எங்கே வலிக்குது, தண்ணி வேணுமா, ஒண்ணுக்குப் போகணுமா, பயமா இருக்கா, இந்தப் படம் என்ன என்று ஐந்து வரி எழுதினேன். அவள் ஒவ்வொன்றாக உரக்கப் படித்துப் பார்த்தாள். 'வலிக்குது' என்பதற்கு அவள் கொடுத்த ஓசையைக் கேட்டு எங்கள் குழந்தை முதன்முறையாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு, கட்டிலிலிருந்தபடியே என் சட்டையைப் பிடித்திழுத்து, இன்னொன்று எழுதச் சொன்னாள். ஆறாவது வரியாக அதையும் எழுதிக் கொடுத்தேன்: கதை சொல்லட்டுமா?